மூடிக்குச் சந்தனம் வைத்த கதை

1

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்குக் கடல் என்பது ஐஸ் பெட்டியில் லாரியேறி வரும் ஒரு சரக்கு. சந்தையில் பெட்டியைத் திறப்பார்கள். கடல் கொஞ்ச நேரம் மணக்கும், பிறகு நாறும். அதற்கு மேல் எங்களுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீச்சலைக் கிணற்றில் கற்றிருக்கலாமே என்பீர்கள். கிணற்றில் நீந்த அதில் தண்ணீர் இருக்க வேண்டும். நான் வளர்ந்த வருடங்களில் எங்கள் கரிசல்காட்டுக் கிணறுகளில் நடக்கத்தான் முடியும்.

இப்படிப்பட்ட ஒருவன் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் சொந்தமாகப் படகு வாங்கினான் என்பதையும், வாங்கிய மாதமே அதை நடுக்கடலில் மூழ்கடிக்கப் பார்த்தான் என்பதையும் ஊருக்குத் தெரிவிக்கவே இந்தக் குறிப்பு. நானே எழுதிவிடுவது நல்லது. அத்தான் சீக்கிரமே ஊர் திரும்புகிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் இதை நாலு விதமாகச் சொல்லிவிடுவார். நாலிலும் படகைக் காப்பாற்றியவர் அவராகத்தான் இருப்பார்.

அத்தான் என்றால் என் அக்காள் கணவர் சண்முகம். திருவேங்கடத்துக்காரர். தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை விசா எடுத்து வரவழைத்தது கங்காரு காட்ட அல்ல. என் மகளிடம் பேச.

மகள் பவித்ரா கணக்கியல் படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "படிப்ப விட்டுட்டேன்ப்பா" என்றாள். வடக்கே ப்ரூம் என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ப்ரூம் ஏறக்குறைய சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம். நடுவில் ஊர்கள் மட்டும் இருக்காது. பணம் கொடுத்து மீன்பிடிக்க வருகிறவர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிப்போகும் படகில் கையாள். சில வருடத்தில் அந்தப் படகையே ஓட்டலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். இன்சூரன்ஸ்காரர்களுக்காக ஒரே ஒரு நிபந்தனை: கடல் விபத்துப் பதிவில் அவள் பெயர் இருக்கக் கூடாது. இருந்தால் வேலை இல்லை. அவள் பெயர் அதில் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை விமானம்.

நானும் என் மனைவி கோமதியும் இருந்த ஆயுதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். கோமதி அழுதாள். நான் நியாயம் பேசினேன். அதற்கு அழுகையே மேல் என்று பிறகு தெரிந்தது. கடைசியாகத்தான் படகு. கடல்தானே வேண்டும், வீட்டோடு இருந்துகொண்டே பிடி என்று, பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினேன். சுருக்கமாக, அவளுக்காக நான் போட்ட இரை. அவள் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து, மோட்டாரைத் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்குப்பா. நான் போனப்புறம் யார் ஓட்டுவா?" என்று கேட்டாள்.

அதனால் நானும் படகோட்டும் உரிமம் எடுத்தேன். எழுத்துத் தேர்வென்றால் நம் மாவட்டத்துக்காரனை அசைக்க முடியாது. செய்முறைத் தேர்வில், நான் படகைத் துறையில் அணைத்தபோது தேர்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டேன். உரிமம் வந்துவிட்டது. பவித்ராவிடம் அது பள்ளிக்கூட வயதிலிருந்தே இருக்கிறது.

இந்த நாட்டில் நான் வந்து இறங்கிய நாளை வருடா வருடம் பாயசத்தோடு கொண்டாடுவது வீட்டு வழக்கம். இந்த வருடம் அது சனிக்கிழமையில் வந்தது. அன்று படகை முதன்முதலாகக் கடலில் இறக்குவது, அதில் வைத்து அத்தான் அவளிடம் பேசுவது என்று கோமதி ஏற்பாடு செய்தாள்.

"வீட்டுல வச்சுப் பேசினா ரூமுக்குள்ள போயிருதா. கடல்ல வச்சுப் பேசினா எந்திரிச்சுப் போக முடியாதுல்லா" என்றாள்.

2

ஊரில் புது வண்டி எடுத்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சாவியைத் தட்டில் வைத்து அம்மன் காலடிக்கு அனுப்பி, அது குங்குமத்தோடு திரும்பி வந்த பிறகுதான் எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏறும். நான் மொபெட் வாங்கியபோது கூட வந்தவர் அத்தான்தான். அன்று பழம் நசுங்காமல் தெறித்து ஓடியது. எதிரே வந்த டவுன் பஸ் அதை நசுக்கிவிட்டுப் போனது. "பரவால்ல மாப்ள, உனக்காக அந்த வண்டி நசுக்கியிருக்கு" என்றார். அந்த மொபெட்டை ஓட்டிய வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸைப் பற்றித் தெரியாது.

படகுக்கும் அதேதான் என்று அத்தானும் கோமதியும் முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அதைக் கழுவினேன். படகின் பின்புறத்தில், அடியை ஒட்டி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை உண்டு. கரையில் இருக்கும்போது கழுவிய தண்ணீர் வடிவதற்கு. அதற்கு ஒரு பித்தளைத் திருகுமூடி; பவித்ரா வாயில் அது 'பிளக்'. கடலில் இறக்குமுன் அதை மாட்ட வேண்டும். படகைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கூட, ஏன் மாட்ட வேண்டும் என்று கேட்க மாட்டார்.

மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்தேன். துடைத்துத் திரும்ப மாட்டப் போனபோது கோமதி கை நீட்டினாள். "சாவியோட அதையும் குடுங்க. அதுவும் வண்டிச் சாமான்தான?"

கொடுத்தேன். இரண்டும் பூஜை அலமாரியில், கோமதி அம்மன் படத்துக்கு முன்னால், தட்டில் ஏறின. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம்.

அப்புறம் வாசலில் பூஜை. மோட்டாருக்குச் சாமந்தி மாலை. அத்தான் மிச்சப் பூவையெல்லாம் உதிர்த்துப் படகுக்குள் தாராளமாகத் தூவினார். கோமதி சூடத் தட்டோடு மோட்டாரை நெருங்கியபோது பவித்ரா ஓடிவந்து பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், தேங்காய் உடைந்த சத்தத்தில் நிமிர்ந்து, "எல்லாரும் நலம்தானே?" என்று கேட்டார். நலம் என்றோம்.

மறுநாள் காலை, இழுவண்டியைக் காரில் மாட்டியபடி அத்தானிடம் சொன்னேன்: "சாமி தட்டுல வச்சிருக்கத எடுத்துட்டு வாங்க அத்தான்."

சாவியும் ஒரு பொட்டலம் விபூதியும் கொண்டுவந்தார். மூடி தட்டிலேயே இருந்தது. எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். இனி வருவதைப் படிக்கும்போது அந்த வசதி உங்களுக்கு மட்டும்தான்.

படகு இறக்கும் சரிவில் எங்களுக்குப் பின்னால் நாலைந்து படகுகள் வரிசையில் நின்றன. இந்த நாட்டுக்காரர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். அது ஹாரனைவிட மோசம். பவித்ரா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து கத்தினாள்: "பிளக் போட்டாச்சாப்பா?"

"ஆச்சு" என்றேன்.

இதை விளக்க வேண்டும். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நம் ஊரில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்றால் என்ன சொல்வோம்? வயிறு காய்ந்து கிடந்தாலும் "ஆச்சு" என்போம். "ஆச்சா" என்று முடிகிற கேள்விக்கு "ஆச்சு" என்பது பதில் அல்ல, மரியாதை. பின்னால் இத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது என் வாய் தானாக மரியாதை செய்துவிட்டது. தட்டில் இருந்ததை அத்தான் கொண்டுவந்தார், வந்ததை அவள் மாட்டியிருப்பாள் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும்.

படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. அழகாக மிதந்தது.

3

வேகமாக ஓடுகிற படகுக்குள் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறாது. ஓட்டத்தில் உள்ளே இருப்பதும் வெளியே உறிஞ்சப்பட்டுவிடும். நின்றால்தான் வினை. ஆகவே, கரை ஒரு கோடாகத் தேயும்வரை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவித்ராதான் ஓட்டினாள். அத்தான் நெற்றியில் விபூதி, கழுத்தில் உயிர்காப்பு உடை, அதன்மேல் துண்டு. ஒரு நல்ல இடம் பார்த்து அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

இரை விஷயத்தில் எங்கள் வீடு இரண்டு கட்சி. அத்தான் உயிர் இரைக் கட்சி. படகை இறக்குமுன்பே துறையோரம் சின்ன மீன்களைப் பிடித்து வாளியில் வைத்திருந்து, பிறகு படகின் பின்பக்கத் தொட்டியில் விட்டிருந்தோம். ஒரு சின்ன பம்பு கடல்தண்ணீரை ஓயாமல் அதில் ஏற்றி அவற்றை உயிரோடு வைத்திருக்கும். மிஞ்சிய தண்ணீர் வழிந்து ஓடும். மீனின் மூக்கருகே கொக்கியை ஏற்றி இறக்கிவிட்டால், அது பாட்டுக்கு நீந்திக்கொண்டே பெரிய மீனைக் கூப்பிடும்.

பவித்ரா பொய் இரைக் கட்சி. அவள் பெட்டி முழுக்க ரப்பர் மீன்கள், தகட்டு மீன்கள், கண் வரைந்த மரமீன்கள். வீசி, சுண்டி, நிறுத்தி, மறுபடி சுண்டி இழுப்பாள்.

"ஏட்டி, உசிருள்ளது தொட்டி நெறய நிக்கையில ரப்பரத் தூக்கி எறியுதியே. மீனு என்ன கூமுட்டையா?" என்றார் அத்தான்.

"உயிர் மீன் அதுவே நீந்தும் மாமா. நம்ம சும்மா உக்காந்திருக்கணும். இதுக்கு நாமதான் உயிர் குடுக்கணும். அதான் பிடிக்கும்."

"உக்காந்திருக்கதுக்குத்தான மக்கா கெவர்மெண்டு சம்பளம் குடுக்கான்" என்றார். அதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அப்படியே தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "படிப்ப முடிச்சிரு. ஒரு வருசந்தான? அதுக்குப் பொறவு நீ எங்கன போனாலும் மாமா கேக்க மாட்டேன்."

"அப்பாவும் இததான் சொன்னாங்க."

"அப்பன் சொன்னா கேக்கணுமா, கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடிவானத்தைப் பார்த்தேன். அடிவானம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருப்பதாகப் பட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள, காலுக்குக் கீழ தண்ணி கெடக்கு" என்றார் அத்தான்.

"தொட்டித் தண்ணிதான் அத்தான். வழியும்."

தொட்டித் தண்ணீர் வழியும் என்பது உண்மை. பின்னால் பம்பு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததும் உண்மை. ஓடியது ஒரு பம்பு அல்ல, இரண்டு. இரண்டாவது, படகின் அடிவயிற்றில் தண்ணீர் சேர்ந்தால் தானாக இயங்கி வெளியேற்றும் பம்பு. அது தன்னால் முடிந்த மட்டும் கத்திக்கொண்டிருந்தது. தொட்டி பம்பின் சத்தத்தோடு அதை யாரும் பிரித்துக் கேட்கவில்லை. உயிர் இரை என்று ஒன்று இல்லாதிருந்தால் காலில் பட்ட முதல் சொட்டுக்கே பவித்ரா துள்ளி எழுந்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்து அத்தானின் தூண்டில் வளைந்தது. நூல் சுருளிலிருந்து கிறீச்சென்று ஓடியது.

"சீலா! மாமா, சீலா! விடாதீங்க!" என்று அவள் கத்தினாள். தூரத்தில் அது ஒருமுறை முழு உடம்பையும் தண்ணீருக்கு மேலே வீசிக் காட்டியது. ஐஸ் பெட்டியில் துண்டு துண்டாகவே நான் பார்த்திருந்த மீன். முழுதாக, கோபமாக, வெயிலில் மின்னியது. மூன்று பேரும் படகின் பின்பக்கம் ஓடினோம்.

மூன்று பேர் பாரமும் ஒரே இடத்தில் விழுந்ததும் படகின் பின்புறம் அமுங்கியது. எழவில்லை. ஒரு சின்ன அலை, பெரிதாக ஒன்றுமில்லை, ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்து என் முழங்காலில் மோதியது.

பவித்ரா மீனைப் பார்ப்பதை நிறுத்தினாள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அத்தானின் நூலை ஒரே வெட்டாக வெட்டினாள்.

"ஏ மூதி, என்னட்டி செஞ்சே!"

"முன்னாடி போங்க மாமா. உடனே. அப்பா, நீங்களும்."

அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. போனேன்.

4

பின்பக்கத்துத் தளப்பலகையைத் திறந்தாள். உள்ளே கரிய தண்ணீர் விளிம்புவரை. அதன்மேல் சாமந்தி இதழ்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கையை விட்டு அடிப் பம்பைத் தடவி எடுத்தாள். விரல் நிறைய மஞ்சள் கூழ். எங்கள் பூஜைப் பூ அதன் வாயை அடைத்திருந்தது. இன்னும் உள்ளே, தோள்வரை கையை விட்டாள். முகம் மாறியது.

"பிளக் எங்கப்பா?"

நான் அத்தானைப் பார்த்தேன். "தட்டுல சாவிகூட ஒண்ணு இருந்துச்சே அத்தான்? பித்தளையில?"

"அந்தச் சாமானையா கேக்க?" என்றார் அத்தான். "சந்தனம், குங்குமம்லாம் வச்சு லிங்கம் மாதிரி இருந்துச்சே மாப்ள. கண்ணுல ஒத்திட்டு அங்கனயே வச்சிட்டு வந்தேன்."

அவள் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதற்கு நேரமில்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது. ரேடியோவை எடுத்தாள். படகின் பெயர், இருக்கும் இடம், மூன்று பேர், தண்ணீர் ஏறுகிறது. வங்கியில் முகவரி மாற்றம் சொல்வதுபோலச் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெண்குரல், மீட்புப் படகு கிளம்புகிறது, வந்து சேரக் கொஞ்ச நேரமாகும் என்றது. கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்க வாய் திறந்தேன். அவள் கையமர்த்தினாள்.

மோட்டாரை ஓட்டிப் பார்த்தாள். படகு மூக்கைத் தூக்கி, பின்புறத்தை இன்னும் ஆழமாகப் புதைத்தது. இன்னொரு அலை உள்ளே வந்தது. உடனே நிறுத்தினாள். "முதல்ல ஓட்டைய அடைக்கணும். உள்ள இருந்து அடைச்சா தண்ணியே தள்ளிடும். வெளிய இருந்துதான் அடைக்கணும்."

இரைப் பெட்டியைக் கவிழ்த்தாள். தகடும் மரமும் ஒதுக்கி, ரப்பர் மீன்களை மட்டும் ஒரு பிடி அள்ளிக் கொக்கிகளைப் பிய்த்து எறிந்தாள். "மாமா, துண்டு." அத்தான் கழற்றிக் கொடுத்தார். ஒரு கீற்றுக் கிழித்து, ரப்பர் மீன்களை அதற்குள் வைத்து இறுக்கி முறுக்கினாள். பிறகு உயிர்காப்பு உடையின் கொக்கிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அத ஏன் கழட்டுத?" என் வாயில் ஊர்த் தமிழ் வந்திருந்தது.

"போட்டிருந்தா மிதக்கும்ப்பா. கீழ போக முடியாது. நீங்க ரெண்டு பேரும் தொட்டிய மொதல்ல கவிழ்த்துருங்க. அப்புறம் வாளியால அள்ளிக்கிட்டே இருங்க."

தொட்டியைக் கவிழ்த்தோம். அதிலிருந்த சின்ன மீன்கள் படகுக்குள்ளேயே நீந்தத் தொடங்கின. அந்த அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

அத்தான் அள்ளினார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மோட்டாருக்குப் பக்கத்தில் ஓரத்தின்மேல் உட்கார்ந்து, காலை வெளியே போட்டு, அவள் கடலுக்குள் இறங்கினாள். இந்தக் கடலில் என்னென்ன இருக்கிறது என்று இந்த ஊர்ச் செய்திகளில் அடிக்கடி படம் போட்டுக் காட்டுவார்கள். எல்லாப் படங்களும் எனக்கு ஞாபகம் வந்தன.

இடது மணிக்கட்டு என் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. வலது கையை அவள் அடியில் நீட்டித் துழாவினாள். முகத்தில் அலை அடித்தது. துப்பினாள். மறுபடி துழாவினாள்.

"எட்டலப்பா. விடுங்க."

"என்னத்த விட?"

"என் கைய. நீங்க பிடிச்சிருக்க வரைக்கும் என்னால கீழ போக முடியாது."

"விடாதவே!" என்று பின்னாலிருந்து அத்தான் கத்தினார். "மாப்ள, புள்ளைய விட்டுறாத!"

"அப்பா." அவள் குரல் உயரவில்லை. "படகு மூழ்கிட்டிருக்கு. விடுங்க."

நான் பேசிய நியாயங்களெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. விட்டேன் என்று எழுதுவது சுலபம். விரல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசி விரல் பிரிந்ததும் அவள் மூச்சை இழுத்தாள்; தலை உள்ளே போய்விட்டது.

அத்தான் அள்ளுவதை நிறுத்திவிட்டார். காலடியில் ஒரு சின்ன மீன் என் விரலை முட்டிப் பார்த்தது. அடியில் ஏதோ தட்டும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அவள் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சங்கரநாராயணரிலிருந்து ஊர் எல்லையில் நிற்கும் சுடலைச்சாமி வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டேன். ஒருவருக்கும் நேர்த்தி எதுவும் பேசவில்லை. பேரம் பேச வாய் வரவில்லை.

ஓரத்தில் ஒரு கை வந்து பற்றியது.

இழுத்துப் போட்டோம். ஓரம் அறுத்து முழங்கையில் ரத்தம். இருமி முடித்து, "அடைச்சாச்சு" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த "ஆச்சு" உண்மையானது. "அள்ளுங்க. மாமா, நிறுத்தாதீங்க."

அள்ளினோம். அவள் அடிப் பம்பிலிருந்து பூவைத் தோண்டித் தோண்டி எடுத்து வெளியே எறிந்தாள். பம்பு ஒருமுறை விக்கி, பிறகு பேசத் தொடங்கியது. படகின் பின்புறம் மெல்ல, மெல்ல எழுந்தது. அடிவானம் தன் பழைய இடத்துக்கு இறங்கியது.

மீட்புப் படகு வந்தபோது நாங்கள் எங்கள் மோட்டாரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தோம். அவர்கள் பக்கத்திலேயே கூட வந்தார்கள். அத்தான் கரை தெரிந்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ஏட்டி, அந்த ரப்பரு நல்ல சாமான்தான்."

5

துறையில் கடல்துறை அதிகாரி ஒருவர் காத்திருந்தார். வெயிலில் வெந்த முகம், கையில் அட்டையில் செருகிய படிவம். ரேடியோவில் உதவி கேட்டால் கரையில் ஒருவர் வந்து எழுதிக்கொள்வது வழக்கமாம். கோமதி இன்னும் வந்து சேரவில்லை. யாரும் அவளுக்கு முழுதாகச் சொல்லவில்லை.

அவர் நேரே பவித்ராவிடம் போனார். ஈரம் சொட்ட, போர்வை போர்த்தி, முழங்கையில் கட்டோடு அவள் நின்றாள்.

"ரேடியோவில் பேசியது நீங்கள்தானே? நன்றாகச் செய்தீர்கள்" என்றார். பிறகு, "படகுக்குப் பொறுப்பு யார்? அந்தப் பெயரில்தான் பதிவு ஏறும். மூடி இல்லாமல் கடலுக்குப் போனது பொறுப்பாளரின் தவறு, நான் எழுதித்தான் ஆக வேண்டும்" என்றார். கேட்டது அவளைப் பார்த்து. குரல் அவளுடையது, ஓட்டிக்கொண்டு வந்து அணைத்ததும் அவள். அவர் வேறு யாரைக் கேட்பார்?

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அத்தானுக்கு அந்த ஒரு கணமும் தேவைப்படவில்லை. ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் உலகத்தில் எந்த மொழியில் ஒரு அதிகாரி படிவத்தோடு நின்றாலும் அவருக்கு அர்த்தமாகிவிடும். என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

"சும்மா இரி, மாப்ள" என்றார் காதருகே. "ஒன்னய அவன் கேக்கல. அவளத்தான் கேக்கான். எழுதட்டும். எழுதிட்டாம்னா வேல போச்சு. புள்ள வீட்டோட இருக்கும். நீ ஒரு வார்த்த சொல்லாண்டாம்."

நாற்பது வருடமாக ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு அவர் சொல்லிவந்த யோசனை இது. இதுவரை தோற்றதில்லை. நான் பொய் சொல்ல வேண்டாம், எதுவுமே செய்ய வேண்டாம். கோமதியின் அழுகையும், என் நியாயமும், ஒரு படகின் விலையும், அத்தானின் விசாவும் சேர்ந்து செய்ய முடியாததை இந்த மனிதரின் பேனா இப்போதே செய்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

பவித்ரா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்கும் தெரியும். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பொறுப்பு தன்னுடையது என்றுதான் அவள் சொல்லப் போகிறாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளை அப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது.

"நான்" என்றேன்.

அதிகாரி திரும்பினார். "நீங்களா?"

"படகு என் பெயரில் இருக்கிறது. உரிமம் இதோ." ஈரப் பர்ஸிலிருந்து எடுத்தேன். அட்டை இன்னும் பளபளப்பாகவே இருந்தது. "மூடி போட்டாச்சா என்று அவள் கேட்டாள். ஆச்சு என்று சொன்னது நான்."

"அப்பா, நான்தானே ஓட்டினேன்" என்றாள் தமிழில்.

"ஓட்டினே. கேட்டதும் நீதான். பதில் சொன்னது யாரு? சொன்னவன் பேருதான் எழுதணும்."

"உங்க லைசன்ஸ் போயிடும்ப்பா."

"போனாப் போகட்டும். எனக்கு நடக்கத் தெரியும்."

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

அவள் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டாள். போர்வைக்குள் தோள் குலுங்கியது. குளிரில் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

"உண்மையைச் சொல்லச் சொல்கிறாள்" என்றேன் நான்.

அத்தான் என் சட்டையை விட்டார். "கூறுகெட்டவன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் படகின் பின்னால் நின்றுகொண்டு, துளைக்குள் திணித்திருந்த தன் துண்டையே பார்த்தார்.

அதிகாரி விதிமுறைகளைச் சொன்னார். என் உரிமம் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்படலாம், வகுப்பைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கலாம், அபராதம் வரலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு படிவத்தை நிமிர்த்தி, பேனாவைத் தட்டினார்.

"பெயர்?"

இந்த நாட்டில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் "சங்கர் போதும்" என்றுதான் சொல்வேன். கேட்கிறவருக்கும் சிரமமில்லை, எனக்கும் வேலை முடியும்.

"சங்கரநாராயணன்" என்றேன்.

அவர் பேனா நின்றது. படிவத்தில் பெயருக்கு வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. "எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், அவசரமில்லை" என்றார்.

நானும் அவசரப்படவில்லை. முதல் எழுத்தைச் சொன்னேன். அவர் எழுதினார். அடுத்ததைச் சொல்லுமுன் அவளைப் பார்த்தேன், அங்கேயே நின்றாள். இரண்டாவதைச் சொன்னேன். பெயர் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.